காப்பிக் கொட்டையை வீட்டிலேயே அரைத்தால் மணம் கூடும்

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது கூட்டேரிப்பட்டு. மயிலம் முருகன் கோயிலுக்குச் செல்வோரும், வாரச்சந்தைக்கு வருவோரும் கூடுகின்ற ஊர் இது. இந்த நெடுஞ்சாலையில் செல்வோர் ‘கும்பகோணம் டிகிரி காப்பி’ என்ற பெயர்ப் பலகைகளை வழிநெடுகக் காணலாம். பித்தளை டம்ளரிலும் டவராவிலும் ஆற்றிக் கொடுக்கப்படும் அந்தக் காப்பியைக் குடிப்பதற்காகவே வண்டியை நிறுத்துவோர் உண்டு.

ஆனால் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் கிராமங்களில், சொந்தமாகக் கறவை மாடு வைத்திருக்கும் குடும்பங்களில்கூட காப்பி அவ்வளவு சுவையாக அமைவதில்லை. இத்தனைக்கும் அங்கே பால் கறந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதில் தண்ணீர் கலப்பும் கிடையாது. அப்படியிருந்தும் சுவை குறைவதற்குக் காரணம் காப்பித்தூள்தான். எப்போதோ வறுத்து, எப்போதோ அரைத்து, மாத ஆரம்பத்தில் வாங்கி வந்து, டப்பாவில் கொட்டி வைத்து, நாள்தோறும் திறந்து மூடிய தூளில் நிறம் இருக்கும், கசப்பு இருக்கும், மணம் இருக்காது. முதல் தரமான பாலில் கடைசித் தரமான டிகாக்ஷனைக் கலப்பதால் பாலின் அருமையும் வீணாகிறது.

இதற்கு எளிய வழி ஒன்று உள்ளது. தூளாக வாங்காமல் வறுத்த கொட்டையாக வாங்கி, அன்றன்று தேவைப்படும் அளவை மட்டும் வீட்டில் அரைத்துக் கொள்வதே அது. முற்காலத்தில் பல வீடுகளில் மேசையிலோ சுவரிலோ பொருத்திய கைச்சுற்று இயந்திரம் இருந்தது. அதிகாலையில் அதைச் சுற்றும் ஓசையுடன்தான் அந்த வீடுகளில் பொழுது விடியும். பொட்டலத் தூள் எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு அந்த இயந்திரம் பரணுக்குச் சென்றுவிட்டது.

நிலக்கடலை சொல்லும் பாடம்

இப்பகுதி விவசாயிகளுக்கு நிலக்கடலையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ‘டி.எம்.வி.’ என்ற எழுத்துகளைத் தாங்கி நாடெங்கும் பரவிய கடலை இரகங்கள் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவையே. விதைக்கடலையை எந்த விவசாயியும் உடைத்துப் பருப்பாக வைப்பதில்லை; நன்கு காய்ந்த காயாகவே வைத்து, விதைப்புக்குச் சில நாள் முன்புதான் உடைக்கிறார். ஓடு நீங்கிய பருப்பு விரைவில் கெடும். அதையே இடித்துத் தூளாக்கி வைத்தால் சில நாட்களிலேயே சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். காற்றிலுள்ள பிராணவாயு எண்ணெய்ச் சத்துடன் சேர்வதே இதற்குக் காரணம்.

காப்பிக் கொட்டைக்கும் இதே விதிதான். கடலைப் பருப்பில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். காப்பிக் கொட்டையில் அவ்வளவு இல்லையெனினும், அராபிகா வகையில் நூற்றுக்குச் சுமார் 15 பங்கும், ரோபஸ்டா வகையில் சுமார் 10 பங்கும் எண்ணெய்ச் சத்து உண்டு. காப்பியின் மணப்பொருள்களில் பெரும்பகுதி இந்த எண்ணெயுடன் ஒட்டியே இருக்கிறது. எனவே பச்சைக் கொட்டை மாதக் கணக்கில் நிற்கும். வறுத்த கொட்டை வாரக் கணக்கில் நிற்கும். அரைத்த தூளின் மணமோ நாள் கணக்கில்கூட அல்ல, மணிக் கணக்கிலேயே குறையத் தொடங்கும்.

மணம் எங்கிருந்து வருகிறது?

பச்சைக் கொட்டைக்குக் காப்பி மணம் கிடையாது. பச்சைப் பயறு போன்ற வாசனையே இருக்கும். வறுக்கும்போது அதிலுள்ள சர்க்கரைச் சத்தும் புரதச் சத்தும் வெப்பத்தால் மாறுதலடைந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களாகின்றன. இவை எளிதில் ஆவியாகிக் காற்றில் கலப்பவை. அதே சமயம் கொட்டைக்குள் கரியமில வாயுவும் உண்டாகி நுண்ணறைகளில் தங்குகிறது. இந்த வாயு சிறிது சிறிதாக வெளியேறும் வரை பிராணவாயு உள்ளே புகுவதைத் தடுக்கிறது. முழுக் கொட்டை என்பது இயற்கை தந்த மூடி போட்ட டப்பா என்று கருதலாம்.

அரைத்தவுடன் இந்த டப்பா உடைந்துவிடுகிறது. ஒரு சிறு கணக்கால் இதை விளங்கிக் கொள்ளலாம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரக் கட்டி ஒன்றின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள ஆயிரம் துண்டுகளாக்கினால் மொத்த மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. அரை மில்லிமீட்டர் துண்டுகளாக்கினால் 120 சதுர சென்டிமீட்டர். பில்டருக்கு அரைக்கும் தூள் இதனினும் நுண்மையானது. அத்தனை பரப்பிலும் காற்றும் ஈரமும் படுகின்றன. தூள் அரைக்கும் கடையைக் கடந்து செல்லும்போது தெருவெல்லாம் மணக்கிறதே, அந்த மணம் வீட்டு டம்ளருக்கு வர வேண்டியது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

எந்தக் கொட்டையை வாங்குவது?

நம் நாட்டில் காப்பி உற்பத்தியில் கர்நாடகம் முதலிடத்திலும், கேரளம் அடுத்தும், தமிழ்நாடு மூன்றாவதாகவும் உள்ளன. தமிழ்நாட்டில் சேர்வராயன் மலை, பழனி மலை, நீலகிரி, ஆனைமலை ஆகிய பகுதிகளில் காப்பி விளைகிறது. விழுப்புரம் பகுதிக்குப் பக்கத்திலுள்ளது சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையே. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச் செடியை அறிமுகம் செய்தார்.

கடையில் வழங்கும் பெயர்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

பிளாண்டேஷன்: இது அராபிகா வகை. சிவந்து பழுத்த பழத்தின் தோலை நீக்கி, வழவழப்பைப் புளிக்க வைத்துக் கழுவி உலர்த்தியது. பருமனைப் பொறுத்து ஏ, பி, சி எனப் பிரிக்கப்படும். மணமும் இலேசான புளிப்பும் உடையது.

பீபெரி: ஒரு பழத்தில் வழக்கமாக இரண்டு கொட்டைகள் தட்டைப் பக்கம் ஒட்டி இருக்கும். ஒன்றே ஒன்று மட்டும் வளர்ந்து உருண்டையாக அமைவது பீபெரி. இது தனி இனம் அன்று. உருண்டை வடிவால் வாணலியில் நன்றாக உருண்டு ஒரே சீராக வறுபடும்.

ரோபஸ்டா: டிகாக்ஷனுக்குத் திடமும் கசப்பும் தருவது. அராபிகாவைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு காபீன் இதில் உண்டு. விலை குறைவு.

செர்ரி: பழத்தைத் தோலோடு வெயிலில் உலர்த்திப் பிறகு உடைத்தெடுத்த கொட்டை. அராபிகா, ரோபஸ்டா இரண்டிலும் செர்ரி உண்டு.

பாலுடன் கலந்து குடிக்கும் நம் பழக்கத்திற்கு, பிளாண்டேஷன் அல்லது பீபெரி மூன்று பங்கும் ரோபஸ்டா ஒரு பங்கும் கலந்து தொடங்கலாம். பிறகு குடும்பத்தாரின் ருசிக்கேற்ப அளவை மாற்றிக் கொள்ளலாம். வறுத்த கொட்டை ஒரே நிறமாக இருக்க வேண்டும். இரண்டு விரல்களுக்கிடையே அழுத்தினால் நொறுங்க வேண்டும். நமுத்த கொட்டை நசுங்குமே தவிர நொறுங்காது. கருகியவையும் வெளிறியவையும் மிகுதியாகக் கலந்திருந்தால் வாங்கக் கூடாது. வறுத்த நாளைக் கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டிலேயே வறுக்க விரும்புவோர்

பச்சைக் கொட்டை கிடைத்தால் வீட்டிலேயே வறுக்கலாம். கனமான இரும்பு வாணலியைக் காய வைத்து, ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேற்படாமல் போட்டு, மிதமான தீயில் கை ஓயாமல் கிளற வேண்டும். கொட்டை முதலில் மஞ்சளாகும். வைக்கோல் வாசனை வரும். பிறகு பழுப்பாகும். ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை அடையும்போது பொரி பொரிவது போல் ‘பட் பட்’ என்று வெடிக்கும். அந்த ஓசை அடங்கி, கொட்டை நல்ல பழுப்பு நிறமான பிறகு ஓரிரு நிமிடங்களில் இறக்கிவிட வேண்டும். மொத்தம் 12 முதல் 15 நிமிடம் ஆகலாம். கொட்டையின் மேல் எண்ணெய் பளபளக்கும் வரை விட்டால் மணம் போய்க் கரிப்பும் கசப்புமே மிஞ்சும்.

இறக்கியவுடன் முறத்தில் பரப்பிப் புடைக்க வேண்டும். வெள்ளித்தோல் பறந்துவிடும், கொட்டையும் ஆறும். வாணலியிலேயே விட்டால் அதன் சூட்டிலேயே மேலும் கருகிவிடும். வறுக்கும்போது புகை எழும் என்பதால் காற்றோட்டமான இடத்தில் செய்வது நலம். வறுத்த அன்றே அரைக்காமல் ஒரு நாள் விட்டு அரைத்தால் வாயு ஓரளவு வெளியேறி டிகாக்ஷன் சீராக இறங்கும்.

வறுத்தால் எடை குறையும். ஒரு கிலோ பச்சைக் கொட்டையிலிருந்து 820 முதல் 850 கிராம் வரை கிடைக்கும். விலைக் கணக்குப் பார்ப்போர் இதைச் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

அரைக்கும் முறை

கைச்சுற்று இயந்திரம் இருந்தால் அதுவே சிறந்தது. அதில் இரண்டு பல் தட்டுகளுக்கிடையே கொட்டை நசுங்கி, ஏறத்தாழ ஒரே பருமனாக விழுகிறது. சூடும் ஏறுவதில்லை. திருகைத் தளர்த்தினால் கரகரப்பாகவும், இறுக்கினால் மென்மையாகவும் விழும். தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது; வாரம் ஒரு முறை காய்ந்த தூரிகையால் துடைத்தால் போதும்.

மிக்சியில் அரைப்போர் கீழ்க்கண்ட முறைகளைக் கையாள வேண்டும்.

1. சிறிய ஜாரைப் பயன்படுத்த வேண்டும். மிளகாய், மல்லி அரைக்கும் ஜார் ஆகாது. தனி ஜார் இல்லையெனில், ஒரு பிடி பச்சரிசியை ஓட்டி எடுத்துவிட்டு, காய்ந்த துணியால் துடைத்துப் பிறகு கொட்டையைப் போடலாம்.

2. ஒரு தடவைக்கு 40 அல்லது 50 கிராம் போதும்.

3. தொடர்ந்து ஓட்டக் கூடாது. நான்கைந்து விநாடி ஓட்டி நிறுத்தி, ஜாரைக் குலுக்கி, மறுபடியும் ஓட்ட வேண்டும். மிக்சியின் கத்தி கொட்டையை நசுக்குவதில்லை, வெட்டுகிறது. தொடர்ந்து ஓட்டினால் அடியில் மாவும் மேலே குருணையுமாக நிற்கும். சூட்டில் மணமும் பறக்கும்.

4. ஜார் கையில் சுடும் அளவுக்கு வந்தால் ஆற விட்டே மீண்டும் ஓட்ட வேண்டும்.

தூளின் பருமன் சரிதானா என்பதைப் பில்டரே சொல்லிவிடும். வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடத்திற்குள் முழுவதும் இறங்கிவிட்டால் தூள் கரகரப்பு. டிகாக்ஷன் வெளிறி நீர்த்திருக்கும். ஒரு மணி நேரமாகியும் பாதி நீர் மேலேயே நின்றால் தூள் மிக மென்மை. பில்டர் துளைகளை அடைத்துக் கொண்டு கசப்பை இறக்கும். 15 முதல் 30 நிமிடத்தில் சொட்டுச் சொட்டாக இறங்குவதே சரியான பதம். பொடித்த சர்க்கரைக்கும் ரவைக்கும் இடைப்பட்ட பருமன் என்று கைக்கணக்காகச் சொல்லலாம்.

சிக்கரியை நாமே தீர்மானிக்கலாம்

சிக்கரி என்பது ஒரு செடியின் கிழங்கு போன்ற வேர். குஜராத், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் பயிராகிறது. வேரைத் துண்டாக்கி உலர்த்தி வறுத்துப் பொடிக்கிறார்கள். இதில் காபீன் கிடையாது. டிகாக்ஷனுக்கு நிறமும் கெட்டித்தன்மையும் தரும். அளவோடு சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் எவ்வளவு சேர்க்கிறோம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்திற்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதாவது 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம். அளவைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்பதும் விதியே. பலர் அந்தச் சிறு எழுத்தைப் படிப்பதில்லை.

எடுத்துக்காட்டாக, 60க்கு 40 கலவையுள்ள 500 கிராம் பொட்டலத்தின் விலை 300 ரூபாய் என்றும், சிக்கரி கிலோ 200 ரூபாய் என்றும் வைத்துக் கொள்வோம். அதிலுள்ள 200 கிராம் சிக்கரியின் மதிப்பு 40 ரூபாய். எஞ்சிய 260 ரூபாய் 300 கிராம் காப்பிக்காகக் கொடுத்த விலை. அதாவது காப்பிக்குக் கிலோவுக்குச் சுமார் 867 ரூபாய் கொடுக்கிறோம். இவ்விதமே தத்தம் ஊர் விலையைப் போட்டுப் பார்த்து, வறுத்த கொட்டையின் விலையோடு ஒப்பிட்டால் எது மலிவு என்பது விளங்கும். சிக்கரியைத் தனியே வாங்கி, 100 கிராம் காப்பித்தூளுக்கு 10 முதல் 20 கிராம் வரை சேர்த்துக் கொள்ளலாம். சிக்கரித்தூள் ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும். ஆகவே இறுக மூடி வைக்க வேண்டும்.

கலப்படத்தை அறியும் எளிய சோதனை

கொட்டையாக வாங்குவதில் மற்றொரு பெரிய நன்மை, கலப்படத்திற்கு இடமில்லாமற் போவதாகும். புளியங்கொட்டைப் பொடியையும் களிமண்ணையும் தூளில் ஒளிக்கலாம்; கொட்டையில் ஒளிக்க இயலாது.

வீட்டில் ஏற்கனவே உள்ள தூளைச் சோதிக்க, ஒரு கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த நீரை எடுத்து, கலக்காமல் ஒரு சிட்டிகைத் தூளை மேலே தூவ வேண்டும். காப்பித்தூள் மிதக்கும். சிக்கரி சில விநாடிகளில் மூழ்கத் தொடங்கி, போகும் வழியெல்லாம் பழுப்புக் கோடு விட்டுச் செல்லும். களிமண் கலப்பு இருந்தால், அரைத் தேக்கரண்டித் தூளை நீரில் ஒரு நிமிடம் கலக்கி ஐந்து நிமிடம் அசையாமல் வைத்தால் மண் அடியில் படியும்.

நல்ல டிகாக்ஷன்

மூன்று அல்லது நான்கு பேருக்கு 20 கிராம் தூளும் 150 மில்லி வெந்நீரும் போதும். தூள் தன் எடையைப் போல் இரு மடங்கு நீரைத் தன்னிடமே நிறுத்திக் கொள்ளும். எனவே சுமார் 110 மில்லி டிகாக்ஷன் கிடைக்கும். தூளைப் பில்டரில் பரப்பி, இலேசாக மட்டும் அழுத்தி, கொதி வந்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிடம் கழித்து ஊற்ற வேண்டும். முதலில் தூள் நனையும் அளவுக்கு ஊற்றி, அது பொங்கி அடங்கிய பின் மீதியை ஊற்றுவது நலம். புதிதாக அரைத்த தூளானால் நுரைத்துப் பொங்கும். பழைய தூள் அசையாது. தூளின் புதுமைக்கு இதுவே சாட்சி.

கிணற்று நீர் உவர்ப்பாகவோ கடின நீராகவோ உள்ள ஊர்களில், எவ்வளவு நல்ல கொட்டையானாலும் சுவை சரிவர இறங்காது. அத்தகைய இடங்களில் குடிநீருக்கென எடுக்கும் நல்ல நீரையே காப்பிக்கும் பயன்படுத்த வேண்டும். இறங்கிய டிகாக்ஷனை மீண்டும் கொதிக்க வைக்கக் கூடாது. பாலை மட்டும் கொதிக்கக் காய்ச்சிக் கலக்க வேண்டும். ‘டிகிரி காப்பி’ என்ற பெயரே, பால்மானியில் டிகிரி பார்த்துத் தண்ணீர் கலவாதது எனத் தேர்ந்த பாலினால் வந்தது என்று கூறுவர். கறவை மாடு உள்ள வீட்டுக்கு அந்தச் சோதனை தேவையில்லை.

சேமித்து வைத்தல்

நாளொன்றுக்கு இரு வேளைக்கு 40 கிராம் என்று கொண்டால், கால் கிலோ கொட்டை ஆறு நாளைக்கு வரும். எனவே வாரந்தோறும் சந்தைக்குச் செல்லும்போது கால் கிலோ வாங்குவதே போதுமானது. வறுத்த கொட்டையை இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில், அடுப்புக்கும் வெயிலுக்கும் அப்பால் வைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் வரை நல்ல மணத்துடன் இருக்கும். பெருங்காயம், மசாலா ஆகியவற்றின் பக்கத்தில் வைக்கக் கூடாது. காப்பி பிற வாசனையை எளிதில் ஏற்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அடிக்கடி திறந்து மூடினால் ஈரம் படியும்.

மழைக்காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்ததை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவ மழையின்போது காற்றிலுள்ள ஈரத்தால் தூள் ஓரிரு நாளிலேயே நமுத்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேளைக்கு வேளை அரைத்துக் கொள்வதே சிறந்தது.

மகளிர் குழுக்களுக்கு ஒரு தொழில்

நெடுஞ்சாலை ஓரக் காப்பிக் கடைகளுக்கும் சுற்றுப்புறக் கிராமங்களுக்கும் நாள்தோறும் புதிதாக வறுத்து அரைத்த தூள் தேவைப்படுகிறது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் சிறு வறுக்கும் இயந்திரமும் அரைக்கும் இயந்திரமும் வைத்து, வாடிக்கையாளர் கண் முன்னே அரைத்துத் தரும் தொழிலை மேற்கொள்ளலாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற வேண்டும். சிக்கரி கலந்தால் சதவீதத்தை மறைக்காமல் அச்சிட வேண்டும். வறுத்த தேதியையும் சேர்த்துக் குறித்தால் நம்பிக்கை வளரும். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட காப்பி வாரியம், வறுத்தல், அரைத்தல், சுவை பார்த்தல் ஆகியவற்றில் பயிற்சி நடத்துகிறது. இயந்திரம் வாங்கும் முன் பயிற்சி பெறுவது அவசியம். முதலில் சிறிய அளவில் தொடங்கி, விற்பனை உறுதியான பிறகே பெருக்க வேண்டும்.

மலைத்தோட்ட விவசாயி பழுத்த பழத்தை மட்டும் கையால் பறித்து, ஒரே நாளில் தோல் நீக்கி, கழுவி, களத்தில் கிளறிக் கிளறி உலர்த்துகிறார். அந்த உழைப்பின் பலன் மணம்தான். தூள் டப்பாவில் மணம் போய்விட்டால், பாடுபட்டுத் தரமாக விளைவித்த கொட்டைக்கும் சாதாரணக் கொட்டைக்கும் வேறுபாடு தெரியாமற் போகிறது. தரத்தை நுகர்வோர் உணர்ந்தால்தான் தரத்திற்கு விலை கிடைக்கும். நல்ல கடலைக்கும் நல்ல நெல்லுக்கும் நியாய விலை வேண்டும் என்று எதிர்பார்க்கும் விவசாயிகளுக்கு இது புரியாததல்ல.

சோதித்துப் பாருங்கள்

புதிய இரகத்தை வயல் முழுவதும் விதைக்காமல், ஒரு பாத்தியில் பழையதும் பக்கத்துப் பாத்தியில் புதியதுமாக விதைத்துப் பார்ப்பது விவசாயிகளின் வழக்கம். காப்பியிலும் அவ்வாறே செய்யலாம். ஒரே கடையில் ஒரே வகை வறுத்த கொட்டை கால் கிலோ வாங்கி, பாதியைக் கடையிலேயே அரைத்தும், பாதியைக் கொட்டையாகவும் எடுத்து வர வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரியான டப்பாக்களில் வைத்து, ஏழாம் நாள் காலை, கொட்டையிலிருந்து 20 கிராம் அப்போதே அரைத்து ஒரு பில்டரிலும், அரைத்த தூளில் 20 கிராம் மற்றொரு பில்டரிலும் போட்டு, ஒரே நீர், ஒரே பால், ஒரே அளவு சர்க்கரையுடன் கலந்து, எது எதுவென்று சொல்லாமல் வீட்டாருக்குக் கொடுக்க வேண்டும். எந்த டம்ளர் முதலில் காலியாகிறது என்று பார்த்து முடிவு செய்து கொள்ளலாம்.